உறுமீனுக்குக் காத்திருக்கும் முதலீடு: நெருக்கடிக்குப் பின் தனியார் துறை ஏன் தயங்குகிறது?

பொருளாதார நெருக்கடி முடிந்துவிட்டதாக அரசு அறிவித்த பிறகும், வட்டி குறைந்த பிறகும், புதிய தொழில்களுக்கு ஐந்தாண்டு வரிவிலக்கு தரப்பட்ட பிறகும் தனியார் முதலீடு ஏன் அசைவதில்லை என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். தொழில்முனைவோர் அஞ்சுகிறார்களா, இல்லை வேண்டுமென்றே பணத்தை முடக்கி வைத்திருக்கிறார்களா என்பது அவருடைய ஐயம். அச்சமோ சூழ்ச்சியோ இல்லாமலே இது நடக்கும். லாபம் வரும் என்று காட்டும் அதே கணக்கு, இன்று தொடங்காமல் இருப்பதே மேல் என்றும் காட்டக்கூடும். பொருளியலில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. பள்ளியில் படித்த வட்டிக் கணக்குக்கு மேல் இதற்கு எதுவும் தேவையில்லை.

நெருக்கடிக்குப் பின் நாடுகள் வழக்கமாகச் செய்பவை எல்லோரும் அறிந்தவைதாம்: நாணயத்தின் மதிப்பை நிலைநிறுத்துவது, பணவீக்கத்தை அடக்குவது, வங்கிகளுக்கு மூலதனம் ஊட்டுவது, கடனைத் திருப்பும் தவணைகளை மாற்றியமைப்பது. இவை இல்லாமல் எதுவும் நடக்காது. ஆனால் இவை முடிந்த பின்னும் நீடிக்கும் தேக்கத்துக்கு விடை வேறிடத்தில் இருக்கிறது.

ஒரு தொழிற்சாலையை எழுப்ப 100 கோடி ஆகும் என்று கொள்வோம். அடுத்த ஆண்டு நிலைமை தெளிந்துவிடும்: நாடு நல்ல வழியில் போனால் ஆலை ஆண்டுதோறும் 20 கோடி ஈட்டும், இறக்குமதித் தடையோ புதிய வரியோ வந்து நிலைமை கெட்டால் 4 கோடிதான் ஈட்டும். இரண்டுக்கும் வாய்ப்பு சமம் என்றால் சராசரி 12 கோடி. வட்டி 10 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், ஆண்டுதோறும் 12 கோடி தரும் சொத்தின் இன்றைய மதிப்பு 120 கோடி; அவ்வளவு பணத்தை வட்டிக்கு விட்டால்தான் ஆண்டுக்கு 12 கோடி வரும். செலவு 100 கோடி போக 20 கோடி மிஞ்சுகிறது. ஆகவே உடனே தொடங்கலாம் என்றுதான் சாதாரணக் கணக்கு சொல்லும்.

ஆனால் உடனே தொடங்குவது, அடியோடு கைவிடுவது இரண்டும் போக முதலீட்டாளருக்கு மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது: ஓராண்டு பொறுத்துப் பார்ப்பது. நிலைமை நல்லபடியாகத் திரும்பினால் அப்போது 100 கோடி போட்டு 200 கோடி மதிப்புள்ள சொத்தைப் பெறுவார்; கெட்டால் எதையும் போடமாட்டார், எதையும் இழக்கவும்மாட்டார். நூறு கோடி லாபத்துக்குப் பாதி வாய்ப்பு என்பது 50 கோடிக்குச் சமம். அது அடுத்த ஆண்டுப் பணம் என்பதால் வட்டி கழித்தால் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 45 கோடி. இன்றே தொடங்கினால் 20 கோடி, காத்திருந்தால் 45 கோடி. ஓடுமீன்களை ஓடவிட்டு உறுமீனுக்காக நிற்கும் கொக்கு தவறாகக் கணக்கிடவில்லை. ஒருமுறை எழுப்பிய ஆலையைத் திரும்பப் பணமாக்க முடியாது என்பதால்தான் காத்திருக்கும் உரிமைக்கே ஒரு விலை பிறக்கிறது. நாட்டிலுள்ள எல்லாரும் இப்படிச் சரியாகக் கணக்கிட்டு நிற்கும்போது, அந்தத் தேக்கமே நிலைமை கெடுவதற்கான வாய்ப்பைக் கூட்டிவிடுகிறது.

இனி, அரசு என்ன செய்தால் கொக்கு நகரும் என்று பார்ப்போம். செலவில் 10 கோடியை மானியமாகத் தந்தால் இன்று தொடங்குவதன் மதிப்பு 30 ஆகிறது. ஆனால் அந்த மானியம் அடுத்த ஆண்டும் கிடைக்குமென்றால் காத்திருப்பதன் மதிப்பும் 50 ஆக உயர்கிறது. இடைவெளி 25-இலிருந்து 20-க்கு இறங்குகிறது, அவ்வளவுதான். நல்ல காலத்து வருமானம் 20-இலிருந்து 30 ஆகும்படி சலுகைகளைக் கொட்டினாலும் ஏறக்குறைய அதே நிலைதான்: இன்று தொடங்கினால் 70, காத்திருந்தால் 91. மாறாக, நல்ல காலத்தைத் தொடாமல் கெட்ட காலத்து வருமானத்தை மட்டும் 4-இலிருந்து 10-க்கு உயர்த்திப் பாருங்கள். இன்று தொடங்குவதன் மதிப்பு 50. காத்திருப்பது அதே 45. கணக்கு புரண்டுவிட்டது. மேல்பக்கம் 10 கோடி கூட்டியும் நகராதது, கீழ்ப்பக்கம் 6 கோடி கூட்டியதும் நகர்ந்துவிடுகிறது.

பின்னாளில் அமெரிக்க மத்திய வங்கியின் தலைவரான பென் பெர்னான்கி 1983-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையொன்றில் இதைக் கெட்ட செய்திக் கோட்பாடு என்று வகுத்தார்: திரும்பப் பெற முடியாத முதலீட்டில், காத்திருப்பதா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது வரக்கூடிய நன்மையின் உயரமன்று, வரக்கூடிய தீமையின் ஆழம். வாசகர் குறிப்பிட்ட ஐந்தாண்டு வரிவிலக்கு ஏன் பலிக்கவில்லை என்பது இப்போது விளங்கும். வரிவிலக்கு லாபம் வந்தால்தான் பயன்படும். லாபமே இல்லாத கெட்ட காலத்தில் அதற்கு மதிப்பு சுழியம். எந்தக் கூரையை உயர்த்தினால் ஆள் உள்ளே வரமாட்டாரோ, அதையே அது உயர்த்துகிறது. ஆயினும் நெருக்கடிக்கு நெருக்கடி அரசுகள் நேர்த்திக்கடன் போல வரிவிலக்கை அறிவித்துக்கொண்டிருக்கின்றன. முதலீடு தானாக வந்த ஆண்டில் அது பலித்ததாக எழுதிக்கொள்கின்றன, வராத ஆண்டில் மறந்துவிடுகின்றன. குறிசொல்பவர்களின் புகழும் இப்படித்தான் வளர்கிறது.

கூரையை விட்டுவிட்டு, கெட்ட காலத்து வருமானம் என்னும் தரையை உயர்த்துவது எப்படி? ஒரு வழி, வெளியேறும் கதவைத் திறந்து வைப்பது. கெட்ட காலத்தில் ஆலையை விற்று 70 கோடியை மீட்கலாம் என்றால், இன்று தொடங்குவதன் மதிப்பு 20-இலிருந்து ஏறத்தாழ 34 ஆகிறது. காத்திருப்பவருக்கோ இதனால் ஒரு பயனும் இல்லை. இடைவெளி 25-இலிருந்து 12-க்கும் கீழே இறங்குகிறது. திவால் சட்டத்தை நாம் தோற்றவர்களுக்கான சட்டமாகவே நினைக்கிறோம். இந்தக் கணக்கின்படி அது இன்னும் தொடங்காதவர்களுக்கான சட்டம்.

ஆனால் நெருக்கடிக் காலத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆண்ட்ரே ஷ்லைபர், ராபர்ட் விஷ்னி என்னும் பொருளியலாளர்கள் 1992-இல் அதை விளக்கினார்கள். ஒரு நெசவு இயந்திரத்துக்கு நல்ல விலை தரக்கூடியவர் இன்னொரு நெசவாலைக்காரர்தான். நெருக்கடியில் அவரும் கடனில் தவிக்கிறார். எல்லாரும் விற்க வருகிறார்கள், வாங்கக் கூடியவர் எவருமில்லை. ஏல விலை விழுகிறது. வெளியேறும் கதவு மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது குறுகுகிறது. 1992 நெருக்கடியில் சுவீடன் செக்யூரம் என்ற தனி நிறுவனத்தை அமைத்து, நூர்ட்பாங்கன் வங்கியின் வாராக்கடன்களையும் அவற்றுக்கு ஈடாக இருந்த சொத்துகளையும் அதனிடம் ஒப்படைத்து, அவசரமின்றிப் பிரித்து விற்று, 1997-இல் அந்த நிறுவனத்தையும் மூடிவிட்டது. ஜப்பான் 1990-களில் வேறு வழியில் போனது. நட்டத்தை ஒப்புக்கொள்ள மனமில்லாத வங்கிகள் செத்த நிறுவனங்களுக்கே மேலும் கடன் கொடுத்து உயிரோடு வைத்திருந்தன. அத்தகைய நடைப்பிண நிறுவனங்கள் மலிந்த துறைகளில் நலமான நிறுவனங்களின் முதலீடும் வேலைவாய்ப்பு வளர்ச்சியும் குன்றியதைக் கபயேரோ, ஹோஷி, காஷ்யப் என்னும் பொருளியலாளர்கள் மூவரும் 2008-இல் வெளியான ஆய்வில் காட்டினார்கள்.

மற்றொரு வழி விதிகளின் ஊசலாட்டத்தைக் குறைப்பது. அதே சராசரி 12 கோடியை வைத்துக்கொண்டு, 20 அல்லது 4 என்பதை 14 அல்லது 10 என்று சுருக்கினால் இன்று தொடங்குவதன் மதிப்பு அதே 20. காத்திருப்பதன் மதிப்போ 45-இலிருந்து 18-க்குச் சரிகிறது. மானியமாக ஒரு காசும் தராமல் முதலீடு நகர்கிறது. அரசு ஒப்பந்தக்காரர்களுக்குத் தரவேண்டிய நிலுவையைக் குறித்த நாளில் தருவது, வரிவிதிகளை முன்னறிவிப்பின்றி மாற்றாதிருப்பது, உரிமம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தருவது ஆகிய சலிப்பூட்டும் செயல்களெல்லாம் இந்தச் சுருக்கத்தைத்தான் செய்கின்றன.

சீர்திருத்தம் என்பதே விதிகளை மாற்றுவது என்பதால் இங்கே ஒரு முரண் எழுகிறது. பொருளியலாளர் டேனி ரோட்ரிக் 1991-இல் சுட்டிக்காட்டியபடி, நல்ல சீர்திருத்தமும்கூட, அது நிலைக்குமா என்ற ஐயம் சிறிதளவு இருந்தாலே முதலீட்டைத் தள்ளிப்போடச் செய்யும். ஆகவே சில அரசுகள் தங்கள் கைகளைத் தாங்களே கட்டிக்கொள்கின்றன. 2003-க்குப் பிறகு வரிகளின் எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்த ஜார்ஜியா, 2011-இல் நிறைவேற்றிய பொருளாதாரச் சுதந்திரச் சட்டத்தின் வழியே, கலால் வரி நீங்கலாகப் புதிய நாடளாவிய வரிகளை விதிக்கப் பொது வாக்கெடுப்பு வேண்டும் என்று வைத்தது. இத்தகைய கட்டு அடுத்த நெருக்கடியில் அரசின் கையையே முறிக்கலாம் என்பதால் அதன் அளவைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் அது எந்த நோய்க்கான மருந்து என்பதில் ஐயமில்லை.

இவற்றையெல்லாம் அளப்பதில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம். தொழில் தொடங்க எத்தனை நாள், எத்தனை படிவம் என்று எண்ணித் தரவரிசை இட்ட உலக வங்கியின் அறிக்கை, தரவு முறைகேடுகள் வெளிவந்ததையடுத்து 2021 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. அதற்கு மாற்றான புதிய அறிக்கையின் முதல் பதிப்பு 2024-இல் 50 நாடுகளைப் பற்றி வெளியானது. பழைய தரவரிசை பெரும்பாலும் ஏட்டில் உள்ள விதிகளையே அளந்தது. நாடுகளும் தேர்வுக்கு மட்டும் படிக்கும் மாணவனைப் போல வினாத்தாளில் வரும் விதிகளை மட்டும் திருத்தின. கணக்கு கேட்பதோ வேறு: திவால் மனு பதிவான நாளிலிருந்து சொத்து விற்றுப் பணம் கைக்கு வரும் நாள்வரை உண்மையில் எவ்வளவு காலம் ஆகிறது, நூறில் எவ்வளவு மீள்கிறது? இதற்கான தரவு நீதிமன்றக் கோப்புகளில் ஏற்கெனவே இருக்கிறது. அதை எண்ணி வெளியிடும் புள்ளியியல் துறைக்கு வேண்டிய பணம், வரிவிலக்கால் அரசு இழக்கும் தொகையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஆனால் நெருக்கடியில் செலவைக் குறைக்க உட்காரும்போது முதலில் வெட்டப்படும் இனங்களில் அந்தத் துறையும் ஒன்றாகிவிடுகிறது.