ஸ்கேன் நார்மல், சரி. ஆள்?

போரிலிருந்து திரும்பியவரிடம் "தலையில் அடிபட்டதா?" என்று கேட்டால் பெரும்பாலும் "இல்லை" என்றுதான் பதில் வரும். பொய்யில்லை. உடம்பில் ஒரு கீறல்கூட இருக்காது. கண்ணிவெடியில் வண்டி தூக்கிப்போட்டதை அவர்கள் காயக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

அதனால் கேள்வியை மாற்றிக்கொண்டேன். வெடிப்பதற்கு முன் கடைசியாக நினைவிருப்பது எது? அப்புறம் முதலில் நினைவு வருவது எது? ஒருவர் சொன்னார்: "வண்டியில் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன் டாக்டர். அடுத்தது, ரோட்டோரம் உட்கார்ந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறேன்." நடுவில் கூட இருந்தவரை வண்டியிலிருந்து இழுத்துப் போட்டதே அவர்தானாம். மற்றவர்கள் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். மயங்கவில்லை என்று அவர் அடித்துச் சொன்னதும் உண்மை. அந்த இடைவெளியில் மூளை பதிவு செய்யவில்லை என்பதும் உண்மை.

மயக்கம் 30 நிமிடத்துக்குள், நினைவிழப்பு 24 மணி நேரத்துக்குள் என்றால் 'லேசான' மூளைக் காயம் என்று எழுதுகிறோம். எனக்குப் பிடிக்காத சொல். இந்த வகையில் சி.டி. ஸ்கேன் பெரும்பாலும் சுத்தமாகவே வரும். ரத்தக்கசிவும் எலும்பு முறிவும் அதில் தெரியும், நரம்பிழைகள் இழுபட்டது தெரியாது.

2020 ஜனவரி 8 அன்று ஈராக்கில் அமெரிக்கப் படைகள் இருந்த அல் ஆசாத் விமானத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணைகளை வீசியது. அமெரிக்க வீரர்கள் யாருக்கும் காயமில்லை என்றே முதலில் அறிவித்தார்கள். அடுத்த சில வாரங்களில் 100க்கும் மேற்பட்டவர்களுக்கு மூளைக் காயம் உறுதியானது.

தூக்கமின்மை, எரிச்சல், மறதி மூன்றும் மனதைத் தாக்கும் போர் அதிர்ச்சியிலும் வரும், மூளைக் காயத்திலும் வரும். வெளிச்சம் கூசுவது, தலையைத் திருப்பினால் சுற்றுவது, படிக்கும்போது வரி தாவுவது எல்லாம் இருந்தால் காயத்தைத் தேடுவேன். கெட்ட கனவும், நடந்தது கண்முன் திரும்பத் திரும்ப வருவதும் அதிர்ச்சியின் பக்கம். பலருக்கு இரண்டுமே உண்டு. எது என்று மல்லுக்கட்டுவதைவிட, தூக்கத்தையும் தலைவலியையும் அன்றே கவனிக்கத் தொடங்குவது நல்லது.

முடிந்தால் வீட்டாரையும் உள்ளே கூப்பிடுங்கள். "பிள்ளைங்க தட்டில் ஸ்பூனை வைத்தாலே எழுந்து போய்விடுகிறார்" என்று ஒரு மனைவி சொன்ன பிறகுதான் கணவரின் சத்தக் கூச்சம் எனக்குத் தெரிந்தது. மூன்று முறை வந்தவர், வாயே திறக்கவில்லை.

பயிற்சிக் களத்தையும் விடாமல் கேளுங்கள். மோர்ட்டார் எனும் சிறு பீரங்கியைச் சுடும் குழுவில் இருந்த ஒருவரிடம், வெடி அதிர்வில் தலை கிறுகிறுத்தது எப்போது என்றேன்.

"எந்த நாளைச் சொல்ல, டாக்டர்?"