புது ரவுட்டர் போட்டும் வைஃபை ஏன் நகரவே மாட்டேங்குது?

போன மாசம் எங்க வீட்டுல நெட் பிளானை 100ல இருந்து 300 எம்பிபிஎஸ்க்கு மாத்தினோம், கூடவே பழைய ரவுட்டரை கழட்டிட்டு நாலு ஆன்டெனா வச்ச புதுசு ஒண்ணு வாங்கி மாட்டியாச்சு. பக்கத்துலயே நின்னு ஸ்பீட் டெஸ்ட் போட்டா 94. திரும்ப போட்டா 93. அப்பா போன்லயும் 94. உள் ரூம்ல போய் கதவை சாத்திட்டு போட்டா 11 தான். நெட் குடுக்குறவங்களுக்கு போன் பண்ணா "லைன் கரெக்டா இருக்கு சார், ரவுட்டரை பாருங்க"ங்குறாங்க, ரவுட்டர் வாங்குன கடையில கேட்டா லைன்தான் கோளாறுங்குறாங்க.

இந்த 94ம் 11ம் ரெண்டு வேற வேற நோய். அதை ஒண்ணா போட்டு குழப்பிக்கிட்டுதான் நிறைய பேர் நல்ல ரவுட்டரை திருப்பிக் குடுத்துட்டு அதைவிட விலை கூட ஒண்ணு வாங்கிட்டு வர்றாங்க, அதுலயும் அதே 94 வரும். நெட் நம்ம போனுக்கு வர்ற வழி அஞ்சாறு துண்டா இருக்கு: தெருவுல இருந்து வர்ற பைபர், சுவத்துல மாட்டியிருக்க பைபர் மோடம், அதுல இருந்து ரவுட்டருக்கு ஒரு முழம் லேன் கேபிள், ரவுட்டர், அப்புறம் காத்து, கடைசியா போன். இதுல எது மெதுவோ அதோட வேகம்தான் நமக்கு. வாசல் பக்கத்துல இருந்து ஒவ்வொரு துண்டா பாத்துட்டு உள்ள வந்தா எங்க அடைக்குதுன்னு தன்னால தெரிஞ்சிரும்.

முதல்ல லேப்டாப்பை வேற ஒரு கேபிள் போட்டு நேரா மோடத்துல சொருகினேன், 290க்கு மேல வந்துச்சு. அப்ப லைன் மேல தப்பு இல்ல. இங்கதான் 94ங்கற நம்பர் முக்கியம், ஏன்னா அது சும்மா வர்ற நம்பர் கிடையாது. லேன் போர்ட்டுல 100, 1000ன்னு வேகத்துக்கு படிக்கட்டு மாதிரி இருக்கும், 100 படியில நின்னுட்டா கம்பியில போற ஒவ்வொரு 1538 பைட்டுலயும் நம்ம சரக்கு 1460 பைட்தான், மிச்சமெல்லாம் முகவரி, சரிபார்ப்பு, நடுவுல விடுற இடைவெளி. கணக்கு போட்டா 94.9. அதனால ஸ்பீட் டெஸ்ட் எப்ப போட்டாலும் 93, 94, 95லயே ஆணி அடிச்ச மாதிரி நின்னா வைஃபையை விட்டுட்டு கேபிளையும் போர்ட்டையும் பாருங்க. வைஃபைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ்னு ரெண்டு அலைவரிசை உண்டு, விலை கம்மியான ரவுட்டர்ல கூட 5 கிகாஹெர்ட்ஸ் எல்லாம் இருக்கும், டப்பா மேல 1200ன்னு பெருசா போட்டிருப்பாங்க, ஆனா பின்னாடி இருக்க போர்ட் வெறும் 100 தான். வாங்குறதுக்கு முன்னாடி "கிகாபிட் போர்ட்"னு, அதாவது அந்த 1000 படி இருக்கான்னு பாத்தே ஆகணும். (அந்த 1200 கூட 2.4 பக்கத்தோட 300ம் 5 பக்கத்தோட 867ம் கூட்டி ரவுண்டு பண்ணது, ஒரு போன் ஒரு நேரத்துல ஒரு பக்கம்தான் ஒட்டும், அந்த முழு 1200 எந்த போனுக்கும் கிடைக்காது.)

எங்க ரவுட்டர்ல கிகாபிட் போர்ட்தான் இருந்துச்சு. அப்ப மிச்சம் அந்த ஒரு முழம் கேபிள். லேன் கேபிளுக்குள்ள 8 கம்பி, ரெண்டு ரெண்டா முறுக்கி 4 ஜோடி. 100 எம்பிபிஎஸ்க்கு ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் போதும், 1000க்கு நீலமும் பிரவுனும் சேந்து நாலு ஜோடியும் வேணும். நீலத்துலயோ பிரவுன்லயோ ஒரே ஒரு கம்பி தொடலைனா கூட ரெண்டு பக்கமும் 1000க்கு முயற்சி பண்ணிப் பாத்துட்டு சத்தமில்லாம 100க்கு இறங்கிரும், லைட் எரியும், நெட் வரும், எந்த எர்ரரும் காட்டாது. வெளிச்சத்துல புடிச்சு அந்த கண்ணாடி மாதிரி இருக்க பின்னை பாத்தா ஓரத்துல இருந்த பிரவுன் கம்பி மட்டும் கடைசி வரைக்கும் போகாம அரிசி அளவுக்கு உள்வாங்கி நிக்குது, கேபிள்ல பின்னை மாட்டினவர் அவசரத்துல அழுத்தியிருக்கார். வேற கேபிள் போட்டேன், ரவுட்டர் பக்கத்துல 280.

சரி, உள் ரூம் 11 என்னாச்சு? கேபிள் மாத்தியும் அது அப்படியேதான் இருந்துச்சு. அது காத்துல இருக்க பிரச்சனை.

வைஃபைல முக்கியமா புரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணுதான், ஒரு சேனல்ல, அதாவது அலைவரிசைக்குள்ள இருக்க ஒரு தடத்துல, ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும். ரவுட்டர், போன், டிவி, பக்கத்து வீட்டு ரவுட்டர்னு எல்லாமே பேசுறதுக்கு முன்னாடி யாராவது பேசுறாங்களான்னு காது குடுத்து கேக்கும், யாரும் பேசலைனா கொஞ்சம் காத்திருந்துட்டு பேசும். இதுல வினை என்னன்னா தூரத்துல சிக்னல் இல்லாம கிடக்குற போன் மெதுவா, ஒவ்வொரு எழுத்தா சொல்ற மாதிரிதான் பேசும். 1500 பைட்டை 300 எம்பிபிஎஸ்ல அனுப்ப 0.04 மில்லிசெகண்ட் போதும், அதையே 6 எம்பிபிஎஸ்ல அனுப்பணும்னா 2 மில்லிசெகண்ட், அதாவது 50 மடங்கு நேரம். அவ்வளவு நேரமும் அதே சேனல்ல இருக்க மத்த எல்லாரும் வாயை மூடிட்டு காத்திருக்கணும். உள் ரூம்ல ஒருத்தர் மோசமான சிக்னல்ல வீடியோ பாத்தா ஹால்ல இருக்குறவருக்கும் நெட் மெதுவாகுறது இதனாலதான்.

சிக்னலை அளக்க போன்ல இலவச ஆப் இருக்கு, மைனஸ் போட்டு டிபிஎம்னு ஒரு நம்பர் காட்டும். 10 குறைஞ்சா சக்தி பத்துல ஒரு பங்கு ஆயிருச்சுன்னு அர்த்தம். எங்க வீட்டுல ரவுட்டர் பக்கத்துல -38, உள் ரூம் கட்டில்ல -78, வித்தியாசம் 40, அதாவது பத்தாயிரத்துல ஒரு பங்கு. எனக்கே நம்ப முடியல, நடுவுல இருக்கது ஒரே ஒரு சுவர். ஆனா அந்த சுவத்தை ஒட்டி ரெண்டு இரும்பு பீரோ நிக்குது, ரவுட்டர் டிவி ஸ்டாண்டுக்குள்ள டிவிக்கு பின்னாடி தரையில இருந்து ஒரு அடி உயரத்துல கிடக்குது. இரும்பு அலையை திருப்பி அடிச்சிரும், அதுக்கு பின்னாடி நிழல் விழுந்த மாதிரிதான். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகம் குடுக்கும் ஆனா செங்கல், காங்கிரீட், தண்ணி எல்லாத்துலயும் 2.4ஐ விட சீக்கிரம் சோர்ந்துரும். 15 மீட்டர் கேபிள் வாங்கி ரவுட்டரை நடு பாசேஜ்ல ஆள் உயரத்துல மாட்டினேன், கட்டில்ல -61, ஸ்பீட் 190. ரவுட்டரை மாத்தல, இடத்தைத்தான் மாத்தினேன்.

2.4ஐ பத்தியும் சொல்லிரணும், ஏன்னா பழைய போன் எல்லாம் அதுலதான் ஒட்டும். அதுல 1ல இருந்து 13 வரைக்கும் சேனல் இருந்தாலும் ஒவ்வொண்ணும் 22 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் அகலம், ஆனா பக்கத்து பக்கத்து சேனலுக்கு நடுவுல 5 தான் இடைவெளி, அதனால ஒண்ணு மேல ஒண்ணு படாம வைக்கணும்னா 1, 6, 11 மூணுதான் தேறும். காலியா இருக்கேன்னு 3ல போய் உக்காராதீங்க. அதே சேனல்ல இருந்தாலாவது பக்கத்து வீட்டு ரவுட்டர் பேசுறது புரிஞ்சு முறை வச்சு பேசிக்கும், பாதி மேல பட்டா ரெண்டுக்கும் அது வெறும் இரைச்சல். இன்னொண்ணு, நெட்காரங்க குடுத்த மோடத்துலயும் பெரும்பாலும் வைஃபை இருக்கும், புது ரவுட்டர் போட்டதும் அதை ஆஃப் பண்ண யாருக்கும் தோணாது, ரெண்டும் அரை அடி தள்ளி ஒரே சேனல்ல கத்திட்டு இருக்கும்.

தங்கச்சி வீட்டுல நடந்தது இன்னும் மோசம். புது ரவுட்டர்ல எங்க நின்னாலும் 20, 22 தாண்டல, சிக்னல் ஃபுல்லு. கடைசில பாத்தா ஒரு பழைய டேப்லெட் ஒட்டணும்னு செக்யூரிட்டியில டிகேஐபிங்கற பழைய பூட்டை வச்சிருந்தாங்க. வைஃபை விதிப்படி அந்த பழைய பூட்டை போட்டா 2009ல இருந்து வந்த வேகம் எதுவும் கிடைக்காது, 54லயே நின்னுரும், கையில வர்றது அதுல பாதி கூட இருக்காது. அதைவிட புது பூட்டான டபிள்யூபிஏ2 ஏஇஎஸ்னு மாத்தி சேவ் பண்ணதும் 150 வந்துச்சு. டேப்லெட் ஒட்டல, அதுக்கு கெஸ்ட் நெட்வொர்க்ல தனி வழி வச்சு குடுத்தோம்.

எங்க வீட்டுல இன்னும் மாடி ரூம் பாக்கி இருக்கு. ரிப்பீட்டர் வாங்கலாம்னு வீட்டுல சொல்றாங்க, ஆனா சாதா ரிப்பீட்டர் ஒரே சேனல்ல கேட்டதையே திரும்ப சொல்லணும், ஒவ்வொரு பாக்கெட்டும் காத்துல ரெண்டு தடவை போகும், வேகம் பாதியாயிரும். அதனால கேபிள் இழுத்து மேல ஒரு ஆக்சஸ் பாயிண்ட், அதாவது கேபிள்ல வர்ற நெட்டை வைஃபையா குடுக்குற டப்பா, வைக்கிறதுன்னு முடிவு பண்ணியிருக்கேன். எலக்ட்ரீஷியன் அண்ணன் ஞாயித்துக்கிழமை வர்றேன்னிருக்கார், லேன் கேபிள் டெஸ்டர்ல 8 கம்பிக்கும் 8 லைட்டும் வரிசையா எரியுறதை பாத்துட்டுதான் சுவத்தை பூச விடணும்.