தூண்டில் வரியில் கரை மீட்கும் சட்டம்: லூசியானாவின் சதுப்பு நிலத் திட்டம்

அமெரிக்காவில் ஒருவர் தூண்டில் கழி வாங்கினால் அதன் விலைக்குள்ளேயே ஒரு மத்திய அரசு வரி இருக்கும். புல்வெட்டும் இயந்திரத்துக்கோ சின்னப் படகின் மோட்டாருக்கோ பெட்ரோல் போட்டாலும் அப்படித்தான். இந்த வரியெல்லாம் பொழுதுபோக்கு மீன்பிடிப்புக்கென்று உள்ள ஒரு தனி நிதியில் சேர்கிறது. அந்த நிதியிலிருந்து ஒரு பங்கு ஆண்டு தவறாமல் லூசியானா மாநிலத்துக் கடலோரச் சதுப்பு நிலங்களுக்குப் போய்ச் சேர்கிறது. 1990 நவம்பரில் நிறைவேறிய கடலோர ஈரநிலத் திட்டமிடல், பாதுகாப்பு, மீட்புச் சட்டம் செய்து வைத்த ஏற்பாடு இது. முன்னின்று கொண்டுவந்த செனட்டர் ஜான் ப்ரோவின் பெயரால் 'ப்ரோ சட்டம்' என்றும் சொல்வார்கள். அதில் வேலை செய்பவர்கள் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'க்விப்ரா' என்பார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

பங்குக் கணக்கு இது: மீன்பிடி நிதியில் 18 சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஈரநிலங்களுக்கு. அந்தத் தொகையில் 70 சதவீதம் லூசியானாவுக்கு மட்டுமே. மீதி 30 சதவீதத்தைப் பிற கடலோர மாநிலங்களுக்கான மானியமும் வட அமெரிக்க ஈரநிலப் பாதுகாப்புத் திட்டமும் பாதிப்பாதியாகப் பகிர்ந்துகொள்கின்றன.

ஒரே மாநிலத்துக்கு ஏன் இவ்வளவு? மிசிசிப்பி ஆறு கடலில் கலக்கும் டெல்டா அங்கேதான் இருக்கிறது, அது கரைந்துகொண்டிருக்கிறது. அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் கணக்குப்படி 1932க்கும் 2016க்கும் இடையில் லூசியானாக் கடலோரம் இழந்த நிலம் ஏறத்தாழ 4,833 சதுர கிலோமீட்டர். 1932இல் இருந்ததில் கால்வாசி போய்விட்டது.

டெல்டா என்பது ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல். அந்த மண் தன் பாரத்தால் தானே இறுகி இறங்கிக்கொண்டிருக்கும். ஆண்டுதோறும் வெள்ளம் புது வண்டலைப் பரப்பினால்தான் ஈடுகட்ட முடியும். 1927இல் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு ஆற்றின் இருபுறமும் கரைகளை உயர்த்திப் பலப்படுத்தினார்கள். ஊர்கள் பிழைத்தன, ஆனால் சதுப்புக்கு வண்டல் நின்றுபோனது. மேலே, மிசிசிப்பியில் வந்து கலக்கும் மிசௌரி ஆற்றில் கட்டிய அணைகள் மண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டதால் ஆற்றில் வருகிற வண்டலும் பாதிக்கு மேல் குறைந்தது. அப்புறம் எண்ணெய் நிறுவனங்கள் துரப்பண மேடைகளுக்குப் போய்வர, குழாய் பதிக்க, சதுப்பைக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டின. அந்த வாய்க்கால்களின் மொத்த நீளம் சுமார் 16,000 கிலோமீட்டர் என்கிறார்கள். அவற்றின் வழியே உப்புநீர் உள்ளே ஏறியது, நன்னீர்ப் புல் செத்தது, வேர் பிடித்து வைத்திருந்த மண் அவிழ்ந்தது. இதற்கு மேல் கடல்மட்ட உயர்வு, புயல்கள். 2005இல் கத்ரினா, ரீட்டா இரண்டும் சேர்ந்து சுமார் 500 சதுர கிலோமீட்டர் நிலத்தைத் தண்ணீராக்கின.

இனி, பணம் எப்படிச் செலவாகிறது என்பதைப் பார்க்கலாம். ஒரு பணியின் செலவில் 85 சதவீதம் மத்திய அரசுடையது, 15 சதவீதம் மாநிலத்துடையது. ஆரம்பத்தில் இது 75க்கு 25 என்று இருந்தது. வளர்ச்சி வேலைகளால் இனி நிகரமாக ஈரநிலம் குறையாது என்ற நோக்கத்தோடு மாநிலம் ஒரு பாதுகாப்புத் திட்டம் வகுத்தால் அதன் பங்கைக் குறைப்பதாகச் சட்டமே சொல்லியிருந்தது. 1997இல் அந்தத் திட்டம் ஏற்கப்பட்டது, பங்கும் குறைந்தது. நிபந்தனையோடு சலுகை கொடுக்கும் இந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது. மாநிலம் ஒரு பக்கம் தூர்த்துக்கொண்டே மறுபக்கம் மீட்புப் பணம் கேட்க முடியாது.

முடிவெடுப்பது ஒரு பணிக்குழு. ராணுவப் பொறியாளர் படை, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, மீன் மற்றும் வனவிலங்குச் சேவை, வேளாண்மைத் துறையின் இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை, தேசிய கடல் மீன்வளச் சேவை என்று ஐந்து மத்திய அமைப்புகளும் லூசியானா மாநில அரசும் அதில் இருக்கின்றன. ஒவ்வொரு பணிக்கும் ஒரு மத்திய அமைப்பு பொறுப்பேற்கும்.

இங்கே சாதாரண மக்களுக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. ஆண்டின் தொடக்கத்தில் கடலோரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் திட்டக் கூட்டங்கள் நடக்கும். அதில் யார் வேண்டுமானாலும் ஒரு பணியை முன்மொழியலாம். நிலத்துக்காரர், இறால் பிடிப்பவர், பாரிஷ் அலுவலகம், யாராக இருந்தாலும் சரி. (லூசியானாவில் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவைப் பாரிஷ் என்பார்கள்.) எந்த இடம், என்ன கரைகிறது, என்ன செய்தால் நிற்கும் என்று ஒரு குறிப்பும் வரைபடமும் இருந்தால் போதும். ஆனால் உள்ளே போனபின் சல்லடை கடுமை. முன்மொழிவுகளில் தேறி வருவது பத்துப் பன்னிரண்டு. அவற்றை வடிகட்டி, வடிவமைப்புக்குப் பணம் ஒதுக்கப்படுவது வழக்கமாக நான்குக்குள். அந்த நான்கும் வடிவமைப்பு முடிந்தபின் கட்டுமானப் பணத்துக்கு மறுபடியும் போட்டியிட வேண்டும். முன்மொழிவிலிருந்து முதல் லோடு மண் விழும்வரை பல ஆண்டுகள் ஓடிவிடும். அதற்குள் வரைபடத்தில் காட்டிய புல்வெளியில் ஒரு பகுதி காணாமல் போயிருப்பதும் உண்டு.

தேர்வுக்கு ஒரு மதிப்பீட்டு முறை இருக்கிறது. பணி செய்யாமல் விட்டால் அந்த இடம் 20 ஆண்டில் எப்படி இருக்கும், செய்தால் எப்படி இருக்கும் என்று உயிரினங்களுக்கான வாழிட மதிப்பாகக் கணக்கிட்டு, வித்தியாசத்தைச் செலவோடு ஒப்பிடுவார்கள். இந்த 20 என்ற எண் முக்கியம். க்விப்ரா பணி ஒவ்வொன்றுக்கும் ஆயுள் 20 ஆண்டு என்று வைத்துத்தான் வடிவமைப்பு, பராமரிப்பு, கண்காணிப்பு எல்லாம். அது முடியும்போது பணியை மூடிவிடலாமா, வேறொருவரிடம் ஒப்படைக்கலாமா, நீட்டிக்கலாமா என்று மறுபடி உட்கார்ந்து பேச வேண்டும். முதல் தலைமுறைப் பணிகள் இப்போது அந்தக் கட்டத்தில்தான் இருக்கின்றன.

செய்யும் வேலைகளில் பெரும்பங்கு சதுப்பை உருவாக்குவது. ஆற்றுப் படுகையிலோ ஏரி அடியிலோ தூர்வாரி, சேற்றைத் தண்ணீரோடு குழாயில் தள்ளி, மண் வரப்பு கட்டிய இடத்தில் நிரப்புவார்கள். எவ்வளவு உயரத்துக்கு நிரப்புவது என்பதில்தான் சூட்சுமம். கொட்டிய மண் இறங்கும், அடியில் உள்ள பழைய மண்ணும் சேர்ந்து இறங்கும். அதிகம் நிரப்பினால் பல வருடம் மேட்டுநிலமாகக் கிடக்கும். குறைத்தால் சீக்கிரமே குளமாகிவிடும். அலை ஏறி இறங்கும் மட்டத்தில் அந்த இடம் 20 ஆண்டில் பெரும்பகுதியைக் கழிக்க வேண்டும் என்பது இலக்கு. மண் ஓரளவு இறுகியதும் அலைநீர் போய்வர வரப்பில் இடைவெளி வெட்டிவிடுவார்கள். சில நூறு ஏக்கருக்கு 2 முதல் 3 கோடி டாலர் வரை ஆகிவிடும். ஆண்டுக்குச் சுமார் 3 கோடியில் தொடங்கி 8 கோடி டாலர் வரை வளர்ந்த நிதிக்கு இது பெரிய தொகை. கரையோரக் கல் அடுக்கு, புல் நடுதல், திறந்த நீரில் மண்திட்டு வரிசைகள், தடுப்புத் தீவுகளில் மணல் நிரப்புதல் ஆகியவையும் உண்டு. 1990 முதல் இதுவரை முடிந்தவை நூறுக்கும் மேல். கடலோரம் முழுக்கச் சுமார் 390 கண்காணிப்பு நிலையங்கள் இருக்கின்றன. நீர்மட்டம், உப்பு, மண் உயர்வு பற்றிய அவற்றின் தரவை யாரும் இலவசமாக எடுத்துப் பார்க்கலாம்.

தனிமனிதர் கைக்கு நேராகப் பணம் வரும் பிரிவு ஒன்றும் இதில் இருக்கிறது. நியூட்ரியா என்ற கொறிவிலங்கை ரோமத்துக்காக 1930களில் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தார்கள். ரோமச் சந்தை 1980களில் விழுந்ததும் பிடிக்க ஆளில்லை. விலங்கு பெருகிச் சதுப்புப் புல்லை வேரோடு தின்ன ஆரம்பித்தது. 2002இல் க்விப்ரா பணத்தில் ஒரு கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. பிடித்த விலங்கின் வாலைக் கொண்டுவந்து கொடுத்தால் ஒன்றுக்கு 4 டாலர் என்று தொடங்கி, 5 ஆகி, 2019 முதல் 6 டாலர் ஆனது. பங்கெடுக்கப் பொறி வைப்பதற்கான உரிமம் வேண்டும், நிலத்துக்காரரின் எழுத்துப்பூர்வ சம்மதமும் நிலத்தின் வரைபடமும் வேண்டும், முன்பதிவு வேண்டும். பருவம் நவம்பர் 20 முதல் மார்ச் 31 வரை. வால் 7 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ஆண்டுக்கு 4 லட்சம் வரை பிடிப்பது இலக்கு. 2002இல் சுமார் 80,000 ஏக்கராக இருந்த சேதம் பின்னர் வெகுவாகக் குறைந்தது. மொத்தத் திட்டத்தில் செலவுக்கேற்ற பலன் கண்ணுக்குத் தெரியும் இடம் எதுவென்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

நிலம் யாருடையது என்பது அடுத்த கேள்வி. லூசியானாச் சதுப்பில் பெரும்பகுதி தனியாருடையது. பணிக்காக அதை அரசு பெரும்பாலும் வாங்குவதில்லை. வேலை செய்யவும் பராமரிக்கவும் உரிமை கேட்டு ஒப்பந்தம் போடுகிறது. நிலத்துக்காரர் சம்மதிக்காவிட்டால் பணி நகராது. சம்மதிக்க அவருக்கு நல்ல காரணம் உண்டு: மாநிலச் சட்டப்படி, நிலம் கரைந்து படகு ஓடும் நீர்நிலையோடு சேர்ந்துவிட்டால் அடிப்படுகை மாநிலத்துக்குச் சொந்தம். அடியில் எண்ணெயோ எரிவாயுவோ இருந்தால் அந்த உரிமையும் கூடவே போகும். இழந்ததை மீட்க நிலத்துக்காரருக்கு மாநில அரசியலமைப்பு வழிவிடுகிறது என்றாலும் அதற்கு அனுமதி, செலவு எல்லாம் இருக்கிறது. பொதுப்பணத்தில் மீட்ட சதுப்பு தனியார் நிலமாகவே நீடிக்கும். வேலி போடாவிட்டாலும் 'உள்ளே வராதே' என்று பலகை வைக்க அவருக்கு உரிமை உண்டு. தூண்டில் வரி கட்டியவர் அங்கே தூண்டில் போட முடியாது. மீன்பிடிப்பவர்கள் இதைப் பற்றிப் புலம்புவதில் நியாயம் இருக்கிறது.

மண்ணைக் குழாயில் தள்ளுவதைவிட ஆற்றையே உள்ளே விட்டால் என்ன என்ற யோசனை பழையது. க்விப்ராவே அதை முயன்றது: 2003இல் ஆற்றின் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் வெஸ்ட் பே என்ற இடத்தில் கரையை வெட்டிவிட்டார்கள். பல ஆண்டுகள் நிலம் எழவில்லை. அதே நேரத்தில் ஆற்றில் கப்பல் நங்கூரமிடும் இடம் தூர்ந்து, அதைச் சுத்தம் செய்யும் செலவு திட்டத்தின் தலையில் விழுந்தது. வெட்டிய திறப்பை மூடிவிடலாம் என்ற முடிவுக்கே வந்துவிட்டார்கள். 2011 வெள்ளத்தை ஒட்டி வளைகுடாவில் திட்டுகள் தலைகாட்டியதும் அந்த முடிவு கைவிடப்பட்டது.

இதே போல ஆற்றை உள்ளே விட, இதைவிடப் பல மடங்கு பெரிதாக மாநிலம் போட்ட திட்டம் மிட் பராட்டாரியா. செலவு சுமார் 300 கோடி டாலர். 2010இல் நடந்த டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்க் கசிவுக்கான இழப்பீட்டிலிருந்து பணம். 2023 ஆகஸ்டில் வேலை தொடங்கியது. நன்னீர் புகுந்தால் சிப்பிப் படுகையும் இறாலும் போய்விடும் என்று மீனவர்கள் எதிர்த்தார்கள், செலவும் ஏறியது. 50 கோடி டாலருக்கு மேல் செலவான பிறகு 2025 ஜூலையில் மாநிலமே அதை ரத்துசெய்தது. க்விப்ரா இந்த அளவுக்கு ஒருபோதும் ஆசைப்பட்டதில்லை, ஆசைப்பட அதனிடம் பணமும் இல்லை. ஆளுநர் மாறினாலும் நிற்காமல் ஓடுகிறதென்றால் அதற்கு இந்தச் சின்ன அளவும் ஒரு காரணம்.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். வீடு மூழ்கியவருக்கு க்விப்ராவில் எதுவும் கிடைக்காது. இழப்பீடு, இடமாற்றம், வீட்டை உயர்த்திக் கட்ட உதவி எதுவும் இதன் வேலையில்லை. நிலம் கரைந்துபோன ஜீன் சார்ல்ஸ் தீவின் பூர்வகுடிக் குடும்பங்களை மாற்றிக் குடியமர்த்த 2016இல் வந்த 4.8 கோடி டாலர், மத்திய வீட்டுவசதித் துறை கொடுத்தது. கடலோரப் பணியால் சிப்பி வளர்க்க எடுத்த நீரடிக் குத்தகை பாதிக்கப்பட்டால் அதற்கு மாநில அரசின் தனி இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. விண்ணப்பமும் அங்கேதான் போக வேண்டும்.