91 சதவீதத்தில் உங்கள் பிள்ளை இல்லை

ரைலி என்ற சிறுமியின் தலைக்குள் இருக்கும் உணர்ச்சிகளே பாத்திரங்களாக வரும் 'இன்சைட் அவுட் 2' அனிமேஷன் படம் 2024 ஜூனில் வெளியானபோது என் ஆலோசனை அறையில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. "மேடம், ரேட்டிங் எல்லாம் பிரமாதமா இருக்கு. சின்னவனையும் கூட்டிட்டுப் போகலாம்தானே?" கேட்ட ஒரு அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள். சின்னவனுக்கு ஆறு வயது, பெரியவளுக்குப் பதின்மூன்று. படத்தில் வரும் ரைலிக்கும் வயது பதின்மூன்றுதான்.

நான் குழந்தைகளுக்கும் பதின்பருவத்தினருக்குமான மனநல ஆலோசகர். சினிமா விமர்சனம் என் வேலை இல்லை. ஆனாலும் அந்தக் கேள்விக்குப் பொறுப்பாகப் பதில் சொல்ல, இந்த ரேட்டிங் எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்று உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது. (இந்தக் கட்டுரையில் வரும் குடும்பங்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.)

விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் இந்தப் படத்துக்கு விமர்சகர்கள் தந்தது சுமார் 91 சதவீதம். பள்ளி மார்க் பார்த்துப் பழகிய நமக்கு இது நூற்றுக்கு 91 வாங்கின மாதிரி தெரியும். உண்மையில் அது மார்க்கே இல்லை. விமர்சகர்களில் எத்தனை பேர் 'பார்க்கலாம்' பக்கம் நின்றார்கள் என்ற தலைக்கணக்கு மட்டுமே. பத்து பேர் ஐந்துக்கு மூன்று கொடுத்து "பரவாயில்லை" என்று எழுதினாலும் அங்கே 100 சதவீதம் வரும். மெட்டாக்ரிட்டிக் தளத்தின் வழி வேறு: ஒவ்வொரு விமர்சனத்தையும் மதிப்பெண்ணாக்கி, முக்கியமான வெளியீடுகளுக்குக் கூடுதல் எடை கொடுத்துச் சராசரி எடுப்பார்கள். 2015இல் வந்த முதல் பாகத்துக்கு அங்கே 94. இரண்டாம் பாகத்துக்கு 73. ராட்டன் டொமேட்டோஸில் அதே வீழ்ச்சி 98இலிருந்து 91தான். பெரும்பாலான விமர்சகர்களுக்குப் படம் பிடித்திருந்தது, ஆனால் முதல் பாகத்தின் அளவுக்கு அல்ல என்பதை இந்த இரண்டு தளங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் புரிந்துகொள்ள முடியும்.

ரசிகர்கள் பக்கமும் இப்படித்தான். அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்ற நிறுவனம் முதல் நாள் பார்வையாளர்களிடம் அட்டை கொடுத்துத் தர மதிப்பீடு வாங்குகிறது. இந்தப் படத்துக்குக் கிடைத்தது பள்ளி கிரேடு மாதிரியான 'ஏ'. ஆனால் முதல் நாளே ஓடிப்போய்ப் பார்ப்பவர் யார்? ஏற்கெனவே பிடித்துப்போனவர்தான். குடும்ப அனிமேஷன் படங்களுக்கு 'ஏ', 'ஏ மைனஸ்' சர்வசாதாரணமாக வரும். 2011இல் 'கார்ஸ் 2' விமர்சகர்களிடம் 40 சதவீதத்தைத் தாண்டத் திணறியது, ரசிகர் அட்டையிலோ 'ஏ மைனஸ்'. 2024 இறுதியில் வந்த 'மோனா 2' கதையும் ஏறத்தாழ இதேதான்: விமர்சகர்கள் 60 சதவீதத்தை ஒட்டி நிற்க, குடும்பங்கள் கூட்டம் கூட்டமாகப் போய் வசூலை 100 கோடி டாலருக்கு மேல் கொண்டுபோய் வைத்தன. 'இன்சைட் அவுட் 2' அதையும் தாண்டிச் சுமார் 169 கோடி டாலர் ஈட்டியது.

இந்த எண்கள் எவையும் பொய் இல்லை. ஆனால் ஆறு வயதுப் பையன் 96 நிமிடம் இருட்டில் என்ன ஆவான் என்று இவற்றில் எதுவும் கேட்கவில்லை.

சரி, விமர்சகர்களின் குறை என்ன? முதல் பாகத்தின் எலும்புக்கூட்டையே திரும்ப எடுத்துவிட்டார்கள் என்பது. மகிழ்ச்சி என்ற பாத்திரம் மறுபடியும் தலைமையகத்திலிருந்து, அதாவது ரைலியின் மனதை இயக்கும் அறையிலிருந்து, வெளியே தள்ளப்படுகிறாள், மறுபடியும் நீண்ட பயணம், மறுபடியும் திரும்பி வருதல். கதை என்று பார்த்தால் அவர்கள் சொல்வது சரி, எனக்கும் நடுவில் கொஞ்சம் அலுத்தது. ஆனால் குழந்தைகளுக்கு அது குறையாகப் படுவதில்லை. ஒரே கதையை நாற்பதாவது இரவும் கேட்கும் ஜாதி அவர்கள். அடுத்து என்ன என்று தெரிந்திருப்பதுதான் அவர்களுக்குத் தெம்பு.

என் துறையைச் சேர்ந்த சிலருக்கு வேறொரு நெருடல் இருந்தது. பதற்றத்தை ஆரஞ்சு நிறத்தில், தலைமையகத்தைக் கைப்பற்றும் வில்லி மாதிரி காட்டலாமா என்று. உளவியலாளர்கள் டாக்கர் கெல்ட்னரும் லிசா டமூரும் ஆலோசனை சொல்லி எடுத்த படம் இது. கடைசியில் பதற்றத்தை யாரும் விரட்டுவதில்லை. நாற்காலியில் உட்காரவைத்து, கையில் தேநீர் கொடுத்து, "இப்போது உன் வேலை இது மட்டும்" என்கிற மாதிரி முடிக்கிறார்கள். நான் பிள்ளைகளிடம் வருடக்கணக்காகச் சொல்லிவந்ததை இவ்வளவு எளிதாக ஒரு காட்சியில் வைத்துவிட்டார்களே என்று கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

இனி அந்த ஹாக்கி காட்சி. விமர்சகர்கள் பலர் படத்தின் உச்சம் என்று பாராட்டியது அதைத்தான். ரைலி தண்டனைப் பெட்டியில், அதாவது விதி மீறிய வீரரைச் சற்று நேரம் உட்காரவைக்கும் இடத்தில், தனியாக உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே பதற்றம் சூறாவளியாகச் சுழன்று, கடைசியில் நகர முடியாமல் உறைந்துவிடுகிறது. ரைலிக்கு நெஞ்சு படபடக்கிறது, மூச்சு சிக்குகிறது. பேனிக் அட்டாக் இப்படித்தான் வரும். உடலின் அபாய மணி தேவையில்லாத நேரத்தில் அடித்துவிடுகிறது. சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டு மெல்ல இறங்கும். உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் அனுபவிப்பவருக்கு 'செத்துவிடுவேன்' என்றே தோன்றும்.

என்னிடம் வரும் பதின்பருவப் பிள்ளைகள் அந்தக் காட்சியை எடுத்துக்கொண்ட விதம் ஒரே மாதிரி இல்லை. ஒரு பையன், "எனக்கு வர்றதுக்குப் பேர் இருக்குன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது" என்றான். அவனோடு நான் இரண்டு மாதமாகப் பேசிக்கொண்டிருந்தேன், பெயர் படத்திலிருந்து வந்தது! இன்னொரு பெண் அந்தக் காட்சி வந்ததும் எழுந்து கழிப்பறைக்குப் போய்விட்டாள். அவளுக்கு அது நடிப்பாகத் தெரியவில்லை, போன வாரம் வகுப்பில் நடந்ததாகத் தெரிந்தது. இன்னும் சிலர் பரீட்சைக்கு முன்னால் வரும் சாதாரணப் படபடப்பையும் பேனிக் அட்டாக் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அதையும் நான் திட்டுவதில்லை. "எவ்வளவு நேரம் இருந்துச்சு? அப்ப என்ன பண்ணே?" என்று கேட்டால் போதும், அவர்களே அளந்துகொள்வார்கள்.

சின்னக் குழந்தைகளின் படமோ முற்றிலும் வேறு. ஆறு, ஏழு வயதுக்கு 'சுய பிம்பம்', 'நான் போதாதவள் என்ற எண்ணம்' போன்றவை எட்டாது. அவர்களுக்குப் படம் என்றால் பெட்டகத்தில் அடைபட்டிருக்கும் அந்தப் பேசும் பை. ஒரு குட்டிப் பையனிடம் எது பயமாக இருந்தது என்று கேட்டேன். "அப்பா அழுதாங்க" என்றான். வளர வளர மகிழ்ச்சி குறைந்துதான் போகும் போலிருக்கிறது என்று மகிழ்ச்சி என்ற அந்தப் பாத்திரமே உடைந்து சொல்லும் இடத்தில் திரையரங்கில் பல பெற்றோர் கண் கலங்கினார்கள். அவன் அப்பாவும் ஒருவர். ஏன் அழுதார் என்று வீட்டில் யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. "எனக்குச் சின்ன வயசு ஞாபகம் வந்துடுச்சுடா, இப்ப சரியாயிட்டேன்" என்று அப்பா ஒரு வரி சொல்லியிருந்தால் போதும்.

ஆகவே நான் பெற்றோரிடம் சொல்வது: ரேட்டிங்கைப் பாருங்கள், அப்புறம் வயது வழிகாட்டுதலையும் பாருங்கள். அமெரிக்காவில் இந்தப் படத்துக்கு 'பிஜி' முத்திரை, அதாவது பெற்றோர் கொஞ்சம் யோசித்து முடிவெடுக்க வேண்டிய படம். பதற்றம் உள்ள பிள்ளை என்றால் அந்தக் காட்சியை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சஸ்பென்ஸ் போய்விடுமே என்று கவலைப்பட வேண்டாம். ஓர இருக்கையாக எடுங்கள், நடுவில் வெளியே போக அனுமதி உண்டு என்று முதலிலேயே சொல்லுங்கள். படம் முடிந்ததும் காரிலேயே விசாரணையைத் தொடங்காதீர்கள். "நல்லாயிருந்துச்சா?" என்றால் "ம்" என்றுதான் வரும். இரண்டு நாள் கழித்து, பாத்திரம் கழுவும்போதோ துணி மடிக்கும்போதோ, "எனக்கு அந்தப் பெட்டி சீன்ல மூச்சு முட்டுச்சு" என்று உங்களுடையதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள்.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு. படத்தைக் கொண்டு பிள்ளைக்கு நோய்ப் பெயர் வைப்பது. ஒரு வீட்டில் பதின்மூன்று வயது மகளுக்கு 'ஆரஞ்சு' என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. அவள் எதற்காவது கவலைப்பட்டால், "ஆரஞ்சு வந்துடுச்சு" என்று அண்ணனும் அம்மாவும் சிரிப்பார்கள். கேலி என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். அவள் கவலைப்படுவதை நிறுத்தவில்லை, சொல்வதை நிறுத்திவிட்டாள். மூன்றாவது சந்திப்பில், "எனக்கு அந்தப் படம் ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. வீட்ல அதைக் கெடுத்துட்டாங்க" என்றாள்.

தூக்கம் கெடுதல், பள்ளிக்குப் போக மறுத்தல், காரணம் தெரியாத வயிற்றுவலி, நண்பர்களைத் தவிர்த்தல் இவை வாரக்கணக்கில் நீடித்தால் படத்தை விட்டுவிட்டு மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள்.

முதலில் கேட்ட அம்மாவிடம் இரண்டு பிள்ளைகளையும் தனித்தனியாக அழைத்துப் போகச் சொன்னேன். செலவு இரட்டிப்பு என்று முணுமுணுத்தாலும் போனார். சின்னவன் பாதியில் பாப்கார்ன் கேட்டு அழுதான், அந்தப் பையை மட்டும் இன்னும் வரைந்துகொண்டிருக்கிறானாம். பெரியவள் திரையில் பெயர்கள் ஓடி முடியும்வரை எழுந்திருக்கவில்லை. அடுத்த வாரம் இன்னொரு முறை போக வேண்டும் என்றாளாம், தோழிகளோடு மட்டும்.

"என்னை வேண்டாம்னுட்டா மேடம்" என்று அந்த அம்மா வருத்தப்பட்டார். பதின்மூன்று வயதில் அப்படித்தான் சொல்வார்கள் என்றேன்.