உளக்கூறாய்வு: சொல் விளக்கம்

உடற்கூறாய்வு முடிந்த பின்னும் ஓர் இளைஞரின் இறப்பு தற்கொலையா, தற்செயலா என்ற ஐயம் எஞ்சுவது உண்டு. அப்போது குடும்பத்தார், நண்பர்கள், ஆசிரியர்கள் ஆகியோரை விசாரித்தும், மருத்துவப் பதிவுகளையும் அவர் விட்டுச்சென்ற எழுத்துகளையும் படித்தும், இறந்தவரின் கடைசிக் கால மனநிலையை முறையாகத் தொகுத்தறியும் ஆய்வுக்குத் தடய அறிவியலில் 'சைக்கலாஜிக்கல் அட்டாப்சி' என்று பெயர்.

லாஸ் ஏஞ்சலிஸில் இறப்பு விசாரணை அதிகாரியாக இருந்த தியோடர் கர்ஃபி, காரணம் தெளிவாகாத இறப்புகளில் உதவுமாறு அந்நகரின் தற்கொலைத் தடுப்பு மையத்தை நாடியதிலிருந்து இம்முறை உருவானது. 1958இல் தொடங்கப்பட்ட அம்மையத்தின் எட்வின் ஷ்னீட்மன், நார்மன் ஃபார்பரோ, ராபர்ட் லிட்மன் ஆகியோரே இதை வகுத்தவர்கள்.

'அட்டாப்சி'யின் கிரேக்க மூலத்துக்குத் தன் கண்ணால் காண்பது என்று பொருள். மனத்தை அப்படிக் காண வழியில்லை. பிறர் வாய்மொழியே சான்று. அதிலும், நிகழ்ந்தது தெரிந்த பிறகு சொல்லப்படும் நினைவுகள் அந்த முடிவின் நிழலிலேயே உருப்பெறுகின்றன என்பது இம்முறையின் பெருங்குறை.

தமிழில் 'உளவியல் பிரேதப் பரிசோதனை' என்றால் நகைப்புக்கு இடமாகும். 'உளவியல் உடற்கூறாய்வு' என்பதில் உளமும் உடலும் மோதுகின்றன. 'உடல்' இருந்த இடத்தில் 'உளம்' வைத்து 'உளக்கூறாய்வு' என்பதே என் தேர்வு. உயிரோடிருப்பவருக்குச் செய்யும் உளப்பகுப்பாய்வோடு குழம்பாதிருக்க, முதன்முறை எழுதும்போது 'இறப்புக்குப் பிந்தைய' என்ற அடையைச் சேர்த்துவிடலாம்.

இணையம் வந்தபின் கைபேசியும் சாட்சியாகிவிட்டது. இளையோர் இறப்புகளில் பெற்றோர் அறியாததையும் அது அறிந்திருக்கும். ஆயினும் அதன் சாட்சியத்தை அப்படியே ஏற்க முடியாது. ஒரு பதிவு திரையில் தோன்றியது என்பதற்கு அவர் அதைப் படித்தார் என்று பொருளில்லை. அவராகத் தேடியதும், தளத்தின் பரிந்துரை நிரல் தானே கொண்டுவந்து நிறுத்தியதும் வேறுவேறு. தற்கொலை பற்றிய தேடல் உதவி கேட்ட தேடலாகவும் இருக்கலாம். பதிவேடு உலகப் பொது நேரத்தில் இருப்பதைக் கவனிக்காவிட்டால், இந்திய நேரப்படி நள்ளிரவில் அனுப்பிய செய்தி மாலையில் அனுப்பியதாகிவிடும்.

2022இல், 14 வயதுச் சிறுமி ஒருவரின் இறப்பை விசாரித்த லண்டன் அதிகாரி, மனச்சோர்வோடு இணைய உள்ளடக்கத்தின் தீய விளைவுகளையும் தம் முடிவில் குறிப்பிட்டு, அவ்வுள்ளடக்கம் இறப்புக்கு மிகச் சிறிய அளவைத் தாண்டியே பங்களித்தது என்றார். இணையம்தான் காரணம் என்று அவர் சொல்லவில்லை. தற்கொலைக்குப் பல காரணிகள் கூடுகின்றன என்பதால், உளக்கூறாய்வு அறிக்கையைத் தமிழில் எழுதுவோரும் 'இணையத்தால் இறந்தார்' என்று எழுதாமல் 'இணையமும் பங்களித்தது' என்றே எழுத வேண்டும். அந்த 'உம்' இல்லாவிட்டால் அறிக்கையின் பொருளே மாறிவிடும்.