அது முந்திரிப் பருப்பு எண்ணெய் இல்லை, ஓட்டு எண்ணெய்

போன செவ்வாய்க்கிழமை களியக்காவிளைப் பக்கத்திலிருந்து ஒரு இளம்பெண் வந்திருந்தார். துப்பட்டாவை விலக்கச் சொன்னேன். இரண்டு கன்னமும் வெந்து கறுத்து, ஓரமெல்லாம் பொடிப்பொடியாகக் கொப்புளம். ஒரு கண் வீங்கி மூடிவிட்டது. மங்குக்கு, அதாவது முகத்துக் கருந்திட்டுக்கு, முந்திரி எண்ணெய் நல்லது என்று ஒரு வீடியோவில் பார்த்தாராம். எண்ணெய் வீட்டிலேயே இருந்தது. அம்மா அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைப்பவர். பித்தவெடிப்புக்குப் பூச, பழைய இருமல் மருந்துக் குப்பியில் கொஞ்சம் வாங்கி வைத்திருக்கிறார்.

"அம்மாக்கு காலுல போட்டு ஒண்ணும் செய்யல்லியே டாக்டரே?"

இந்த சீசனில் எனக்கு இது நான்காவது முகம். கோபத்தோடுதான் எழுதுகிறேன், மன்னிக்கவும்.

முந்திரிப் பருப்பில் ஏறத்தாழ 45 சதவீதம் கொழுப்பு இருக்கிறது. ஆட்டினால் நல்ல எண்ணெய்தான் வரும். ஆனால் பருப்பு விற்கிற விலைக்கு அதை யார் செக்கில் போடுவார்கள்? நம் பக்கத்தில் 'அண்டி எண்ணெய்' என்று குப்பியில் கிடைப்பது ஓட்டிலிருந்து வருவது. ஓட்டை வெட்டிப் பாருங்கள், உள்ளே தேன்கூடு மாதிரி ஒரு அடுக்கு இருக்கும். அதில் ஊறி நிற்கிற சாறு இது. பெயிண்டுக்கும் வண்டி பிரேக் லைனிங்குக்கும் போகிற சரக்கு. தோலைப் பொசுக்கும் அனகார்டிக் அமிலமும் கார்டாலும் நிறைந்தது. முகத்துக்கு!

சேராங்கொட்டைக்கு இது பங்காளி. சலவைக்குப் போகும் துணியில் சேராங்கொட்டைச் சாற்றால் குறி போடுவார்கள். அந்தக் குறி உரசின இடத்தில், முக்கியமாகக் கழுத்தில், புண் வரும். எங்கள் பாடப்புத்தகத்தில் அதற்குத் தனிப் பெயரே உண்டு. மாமரமும் இதே குடும்பம்தான். மாங்காய்ப் பால் பட்டால் வாய் பொத்துப்போகிற ஆளா நீங்கள்? முந்திரி ஓட்டைத் தொடவே தொடாதீர்கள்.

சந்தேகமிருந்தால் அண்டி ஆபீஸ் பெண்களின் கையைப் பாருங்கள். விளக்கெண்ணெய் தடவி, சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பார்கள். அப்படியும் நகக்கண் கறுத்து, விரல்நுனி உரிந்து கிடக்கும். அந்த அம்மாவுக்குக் குதிகாலில் ஒன்றும் செய்யவில்லை என்றால் அது குதிகால் என்பதால்தான். கண்ணிமைத் தோலின் கனம் அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. அப்புறம், "கையில பூசி அஞ்சு நிமிஷம் பார்த்தேன் டாக்டர்" என்கிறார்கள். இந்த ஒவ்வாமை ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தலைகாட்டும். அஞ்சு நிமிஷத்தில் என்ன தெரியும்?

இதற்கெல்லாம் வேர் ஒரே நம்பிக்கைதான்: வாய்க்கு நல்லது தோலுக்கும் நல்லது, எண்ணெய் என்பது தோலுக்குச் சாப்பாடு. இல்லை. தோலுக்குச் சாப்பாடு ரத்தத்தில் வருகிறது. வெளியே பூசும் எண்ணெய், ஈரம் ஆவியாகிப் போகாமல் ஒரு மூடி போடுகிறது, அவ்வளவுதான். அந்த மூடி நல்ல மூடிதான். கைக்குழந்தைக்குத் தேங்காய்ப்பால் காய்ச்சி எடுக்கும் உருக்கு வெளிச்செண்ணெயை மெல்லத் தடவுவதை நான் ஒருநாளும் தடுத்ததில்லை. மூக்கிலும் தொண்டையிலும் சொட்டு விடுவதைத்தான் தடுக்கிறேன். நுரையீரலுக்குள் போனால் எண்ணெய் நிமோனியா வரும். பாட்டிமார் கோபித்துக்கொண்டாலும் சரி.

வாயும் தோலும் ஒன்றல்ல என்பதற்கு நிலக்கடலையை விடத் தெளிவான சாட்சி கிடையாது. 2003-ல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வு, கரப்பான் (எக்ஸிமா) வந்த குழந்தைத் தோலில் கடலை எண்ணெய் கலந்த களிம்பு பூசுவதற்கும் பின்னால் வரும் கடலை ஒவ்வாமைக்கும் தொடர்பு கண்டது. 2015-ல் லண்டனிலிருந்து வந்த ஆய்வு இதன் மறுபக்கம். ஒவ்வாமைக்கு அதிக வாய்ப்புள்ள 640 குழந்தைகளில் பாதிப் பேருக்கு, ஒரு வயதுக்கு முன்பிருந்தே கடலை கலந்த உணவு கொடுத்தார்கள். கடலையே கொடுக்காத குழந்தைகளோடு ஒப்பிட்டால், அவர்களிடம் அந்த ஒவ்வாமை ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. அதே கடலைதான், வெடித்த தோல் வழியே போனால் உடம்பு எதிரியாகப் பார்க்கிறது, வயிற்றின் வழியே போனால் பழகிக்கொள்கிறது. செக்கெண்ணெயில் கடலைப் புரதம் கொஞ்சம் தங்கியிருக்கும் என்பதால், கரப்பான் குழந்தைக்கு 'கலப்படமில்லாத செக்கு கடலெண்ணெய்' தேய்ப்பது இன்னும் மோசம். தாளிக்கத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

பாதாம் எண்ணெய் பற்றியும் கேட்கிறார்கள். வைட்டமின் ஈ நிறைய உண்டு, உண்மைதான். நான்கு பாதாமை மென்று தின்றாலும் அது கிடைக்கும். தினமும் ஒரு மேசைக்கரண்டி குடித்தால் 120 கலோரி ஏறும், நிறம் ஏறாது. தலைக்கு விற்கும் பாதாம் எண்ணெயை வாயில் வைக்காதீர்கள். குப்பியின் முன்பக்கம் பாதாம் படம் இருந்தாலும் பின்பக்கம் பொடி எழுத்தில் பல நேரம் பாராஃபின்தான், அதாவது பெட்ரோலிய எண்ணெய்தான், இருக்கிறது. பொடுகுத் தலையில் எந்த எண்ணெயும் வேண்டாம், பொடுகோடு வளரும் பூஞ்சைக்கு எண்ணெய்தான் விருந்து.

முந்திரிச் சாறு பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரி. கொப்புளத்தைக் குத்தாதீர்கள். மஞ்சள், பேஸ்ட் வேண்டாம். மெடிக்கலில் கேட்டு வாங்கும் மூன்று மருந்து (ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து) கலந்த அந்த ட்யூப் வேண்டவே வேண்டாம். விடுமுறையில் பிள்ளைகள் கொட்டையைத் தீயில் சுடும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் நில்லுங்கள், சாறு தெறிக்கும்.

பித்தவெடிப்புக்கு, ராத்திரி வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் காலை ஊறவைத்து, ஈரம் ஒற்றி, வாசலின் பூசி சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணின் அம்மாவிடமும் இதைத்தான் சொன்னேன். கொப்புளம் இப்போது அடங்கிவிட்டது. கறுப்பு போகப் பல மாதம் ஆகும். மங்கு எங்கே இருந்தது என்று இனி நானும் கண்டுபிடிக்க முடியாது.