டியூப்லைட், ஊசி, பழைய ஆயில்: தனியாகக் கொடுக்க வேண்டிய குப்பையும் அதை வாங்க வேண்டிய மாநகராட்சியும்

கடலூரில் எங்கள் தெருவுக்குக் குப்பை வாங்கப் பேட்டரி வண்டியில் வரும் அக்கா, மக்காத குப்பைப் பையை வாங்கியதும் உடனே கையை உள்ளே விட மாட்டார். வெளியிலிருந்தே மெல்ல அழுத்திப் பார்ப்பார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "இன்சுலின் ஊசி கெடக்கும்மா. ரெண்டு வாட்டி குத்தியிருக்கு" என்றார். சர்க்கரைக்கு ஊசி போடுபவர் எங்கள் வீட்டிலும் உண்டு. அந்த ஊசி எங்களுடையதாகவே இருந்திருக்கலாம். அதற்குப் பிறகுதான் இது பற்றி விதி என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன்.

மக்கும் குப்பை, மக்காத குப்பை என்ற இரண்டு மட்டும்தான் நம் மனதில் பதிந்திருக்கிறது. ஆனால் மத்திய அரசின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-லேயே மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துவிட்டன. அதுதான் வீட்டு அபாயக் கழிவு. பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, சிஎஃப்எல் பல்பு, டியூப்லைட், காலாவதியான மருந்து, உடைந்த பாதரச தெர்மாமீட்டர், தீர்ந்த பேட்டரி, பயன்படுத்திய ஊசி, சிரிஞ்சு என்று பட்டியலே உண்டு. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளில் பிரிவுகள் நான்கு: ஈரக் குப்பை, உலர்ந்த குப்பை, நாப்கின், டயாப்பர் போன்ற சுகாதாரக் கழிவு, கடைசியாகச் சிறப்புக் கவனம் தேவைப்படும் கழிவு. பல்பு, மருந்து, தெர்மாமீட்டர், பெயின்ட் டப்பா எல்லாம் இந்தக் கடைசிப் பிரிவில் வரும். இவை மத்திய விதிகள் என்பதால் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் ஒன்றுதான். பிரித்துக் கொடுப்பது நம் கடமை என்பதை எல்லாரும் சொல்கிறார்கள். வாங்கிக்கொள்ள ஓர் இடம் ஏற்படுத்துவது உள்ளாட்சியின் கடமை என்பதைத்தான் யாரும் உரக்கச் சொல்வதில்லை.

2016 விதிகள் இதற்குக் கணக்கே போட்டிருந்தன. 20 சதுர கிலோமீட்டருக்கு, அல்லது அதில் ஒரு பகுதி மிஞ்சினாலும் அதற்கு, ஓர் ஒப்படைப்பு மையம் வேண்டும். அது திறந்திருக்கும் நேரத்தை அறிவிக்க வேண்டும். சேர்ந்ததைப் பத்திரமாக வைத்து, அபாயக் கழிவைக் கையாளும் ஆலைக்கு அனுப்பவும் வேண்டும். 2021-இல் மாநகராட்சி ஆவதற்கு முன்பே கடலூர் நகராட்சியின் பரப்பு 27.69 சதுர கிலோமீட்டர். அந்தக் கணக்குப்படி குறைந்தது இரண்டு மையங்கள். புதிய விதிகளும் இந்தக் கழிவை அங்கீகாரம் பெற்றவர்கள் வந்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் அதற்கென அறிவித்த மையத்தில் கொடுக்க வேண்டும் என்கின்றன. ஆகவே "எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது?" என்று கேட்பது சலுகை கேட்பது ஆகாது.

இப்போது ஆயிலுக்கு வருகிறேன். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வீட்டு வாசலில் பைக் ஆயிலை இறக்குபவர்கள் நம் ஊரில் நிறைய. ஒரு பைக்கில் ஒரு லிட்டர் அளவுக்கு இருக்கும், காரில் மூன்று நான்கு லிட்டர். முதுநகர்ப் பக்கம் விசைப்படகு இன்ஜின் என்றால் இன்னும் அதிகம். இறக்கிய ஆயில் சாக்கடைக்குப் போகிறது, அல்லது சென்ட்ரிங் பலகையில் தடவ வாங்கிக்கொண்டு போகிறார்கள், கரையானுக்கு என்று மரத்தூணில் பூசுகிறார்கள், சொறி பிடித்த நாய்க்குத் தடவுகிறார்கள். அந்த நாய் தன் உடம்பை நக்கும் என்பதை நினைத்தாலே போதும், கடைசிப் பழக்கத்தை விட்டுவிடலாம். இன்ஜினுக்குள் ஓடிய ஆயிலில் தேய்ந்த உலோகத்தின் துகளும் எரிந்த எரிபொருளின் நச்சுப் பொருள்களும் கலந்திருக்கும். ஒரு லிட்டர் ஆயில் பத்து லட்சம் லிட்டர் நன்னீரைக் கெடுக்கக்கூடும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லும் அளவு. போர் தண்ணீரை நம்பியிருக்கும் மணல்பாங்கான ஊர் இது. தெருவில் ஊற்றியது ஐப்பசி மழையில் கெடிலம் ஆற்றுக்கும் உப்பனாற்றுக்கும்தான் போய்ச் சேரும், அங்கிருந்து கடலுக்கு.

ஆனால் ஆயில் தேய்ந்து தீர்ந்துபோவதில்லை, அழுக்காகத்தான் ஆகிறது. ஆலையில் சுத்திகரித்தால் மறுபடியும் நல்ல ஆயிலாகும். அதனால்தான் பயன்படுத்திய ஆயில் அபாயக் கழிவு விதிகளின் கீழ் தனியாக வைக்கப்பட்டிருக்கிறது. 2023-இல் வந்த திருத்தம் 2024 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. ஆயிலைத் தயாரித்து விற்கும் நிறுவனங்களே, பயன்படுத்திய ஆயில் மறுசுழற்சிக்குப் போவதற்கும் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது அது. சேகரிப்பவர்களும் சுத்திகரிப்பு ஆலைகளும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். ஆயிலை அது வந்த கேனிலேயே திரும்ப ஊற்றி, மூடியை இறுக்கி, பேரல் வைத்திருக்கும் மெக்கானிக் கடையிலோ சர்வீஸ் சென்டரிலோ கொடுங்கள். தண்ணீர், பிரேக் ஆயில், கூலன்ட், தின்னர் எதையும் அதில் கலக்காதீர்கள். கலந்துவிட்டால் சுத்திகரிக்கும் ஆலை அதை எடுக்காது. குடிக்கிற தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வேண்டாம், வீட்டில் குழந்தை இருக்கும். கொடுக்கும்போது, "இந்த பேரல் எங்கே போகுது அண்ணே?" என்று கேளுங்கள். பதிவு பெற்றவர் எடுத்தால் கடைக்காரர் தயங்காமல் சொல்லிவிடுவார்.

மற்றவை சுருக்கமாக. ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, மேலே "ஊசி" என்று பெரிதாக எழுதி, குப்பை வாங்க வருபவர் கையில் தனியாகக் கொடுங்கள். இன்வெர்ட்டர், வண்டி பேட்டரி என்றால் புதிது வாங்கும் கடையிலேயே பழையதை எடுத்துக்கொண்டு விலையில் கழிப்பார்கள். ஆசிட்டைக் கீழே கொட்டாதீர்கள். டியூப்லைட்டைப் புதிது வந்த அட்டைக்குள்ளேயே வைத்துவிடுங்கள். உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்து கால் மணி நேரம் அறையை விட்டு வெளியே இருங்கள். துடைப்பம் போடாமல் தடித்த அட்டையால் அள்ளுங்கள், பாதரசம் பரவாமல் இருக்கும். மாத்திரையைக் கழிவறையில் கொட்டுவது வேண்டாம். இவை எல்லாவற்றையும் தரையில் வைக்காமல் பரணில் வையுங்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் பெண்ணையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தபோது பூச்சிமருந்து டப்பாவும் சேர்ந்துதான் மிதந்தது.

உங்கள் வார்டில் மையம் எதுவும் தென்படவில்லை என்றால் முதலில் கவுன்சிலரிடமும் மாநகராட்சி ஆணையருக்கும் எழுத்தில் கொடுங்கள். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் நாளிலும் மனு கொடுக்கலாம், ரசீது வாங்க மறக்காதீர்கள். முதல்வரின் உதவி எண் 1100. அதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். கேள்விகளை இப்படி எழுதலாம்: வீட்டு அபாயக் கழிவை ஒப்படைக்கும் மையங்கள் எந்தெந்த முகவரியில் உள்ளன? திறந்திருக்கும் நேரம் என்ன? சென்ற ஆண்டு எத்தனை கிலோ சேர்ந்தது, யாரிடம் ஒப்படைக்கப்பட்டது? இவற்றைப் பிரித்தெடுக்கும் தூய்மைப் பணியாளர்களுக்குக் கையுறை எந்தத் தேதியில், எத்தனை ஜோடி வழங்கப்பட்டது?